முழு வோல்ற்று காட்டியும் முதல் துடிப்பில் விழும் பற்றரி: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

"நேற்றிரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றினேன் அண்ணா. 12.8 வோல்ற்று காட்டுகிறது. சுவிச்சைத் தட்டியதும் செத்துப்போகிறது."

வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டி இருக்கும் என் சிறிய பட்டறைக்கு ஒரு மாணவர் கொண்டுவந்த புகார் இது. கையில் யு.பி.எஸ். ஒன்றிலிருந்து கழற்றிய 12 வோல்ற்று, 7 அம்பியர்மணி ஈய அமிலப் பற்றரி. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது கொழும்பில் பலரும் பற்றரி வாங்கினார்கள். அவற்றில் கழிந்தவை இப்போது இப்படித்தான் பரிசோதனை மேசைகளுக்கு வருகின்றன. அவருடைய பற்றரியில் பழுது இருக்கவில்லை. பழுது எங்கே இருந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அவர் அதிலிருந்து எடுக்கப் பார்த்தது துடிப்பு வலு; அதாவது சக்தியை மெதுவாகச் சேர்த்து ஒரே கணத்தில் கொட்டுவது. நிக்கல் தகட்டைக் கலத்தின் மேல் ஒட்டவைக்கும் புள்ளிப் பற்றவைப்புக் கருவி பற்றரியிலிருந்து நேரடியாகவே துடிப்பை இழுக்கிறது. பெரிய ஏற்பாடுகளில் பற்றரி, வோல்ற்றை உயர்த்தும் மாற்றி ஒன்றை ஓட்டும், மாற்றி கொள்ளளவிகளை (கப்பாசிட்டர்களை) நிரப்பும், கொள்ளளவிகள்தாம் துடிப்பைக் கொடுக்கும். இரண்டிலும் உறையில் அச்சிட்ட அம்பியர்மணி நமக்கு அதிகம் உதவாது. மொட்டைமாடியில் ஆயிரம் லீற்றர் தாங்கி இருந்தாலும் அரை அங்குலக் குழாய் அரை அங்குலத் தண்ணீரைத்தான் தரும். நாம் அறியவேண்டியது குழாயின் அகலம், அதாவது பற்றரிக்குள்ளேயே இருக்கும் தடை (அகத்தடை). அதுவும் எந்த நேர அளவில் என்பது முக்கியம்.

சோதிக்கும் முன்

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 25 மில்லிஓம் அகத்தடையுள்ள அந்தச் சின்னப் பற்றரியின் முனைகளில் ஸ்பானர் ஒன்று குறுக்கே விழுந்தால் 500 அம்பியர் பாயும். கொள்ளளவித் தொகுதி இதைவிடப் பொல்லாதது: 10 மில்லிபரட், 400 வோல்ற்று என்றால் உள்ளே 800 யூல். அது ஆளைக் கொல்லப் போதும். தடையொன்றின் ஊடாக அதை வெறுமையாக்கி, பல்மானியால் (மல்டிமீற்றரால்) பார்த்த பிறகே கை வைக்கவேண்டும். திருப்புளியால் தட்டி 'டமார்' சத்தம் கேட்டு மகிழ்கிறவர்கள் என் பட்டறைக்கு வேண்டாம்.

சோதனையில் பற்றரி ஓட்டவேண்டிய சுமைக்கு, 1 ஓம், 50 வாற்று தடைகள் ஆறைச் சமாந்தரமாக இணைத்தால் சுமார் 0.17 ஓம் கிடைக்கும். பற்றரியும் வயரும் சேர்ந்து இன்னும் 0.05 ஓம். ஆகவே ஏறத்தாழ 60 அம்பியர் ஓடும். 100 மில்லிசெக்கன் துடிப்பில் ஒவ்வொரு தடைக்கும் 10 யூல்தான் விழுகிறது. அவை சூடாகியதைக்கூட உணரமாட்டீர்கள். கார் ஹெட்லைட் பல்பைச் சுமையாக வைக்காதீர்கள். குளிர்ந்த இழையின் தடை எரியும் இழையின் தடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. துடிப்பு முடிவதற்குள் சுமையே மாறிவிடும். பற்றரியை அளக்கிறோமா, பல்பை அளக்கிறோமா என்று தெரியாது.

துடிப்பைத் திறந்து மூடும் ஆளிக்கு (சுவிச்சுக்கு) மொஸ்பெட் என்ற திரான்சிஸ்டர் நல்லது. பஞ்சிகாவத்தையில் வாங்கும் பழைய ஸ்டார்ட்டர் சொலனோய்டும் மின்னோட்டத்தைத் தாங்கும், ஆனால் அதன் தொடுமுனைகள் துள்ளும். வோல்ற்றைக் கோடாக வரைந்து காட்டும் அலைவுகாட்டியில் மீன்முள்ளைப் போலத் தெரியும் அந்தக் கோட்டைப் பற்றரியின் குற்றமாகப் படித்தவர்கள் உண்டு. நானும் ஒரு முறை படித்திருக்கிறேன்.

மின்னோட்டத்தை அளக்க 100 அம்பியருக்கு 75 மில்லிவோல்ற்று தரும் சமாந்தரத் தடை (ஷண்ட்) போதும். 60 அம்பியரில் அது 45 மில்லிவோல்ற்று காட்டும். அதைப் பற்றரியின் மறை முனைப் பக்கத்தில் வையுங்கள். அலைவுகாட்டியின் இரண்டு உள்ளீட்டு வாய்க்கால்களின் புவிக் கவ்விகளும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. இரண்டையும் வெவ்வேறு இடத்தில் கவ்வினால் உங்கள் அளவுகருவியே வயராக மாறி, மின்னோட்டம் அதன் வழியே போகும்.

ஓய்வில் 12.8, துடிப்பில் 10க்கும் கீழே

முதலில் பல்மானியைத் தள்ளி வையுங்கள். அது செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கிறது. 100 மில்லிசெக்கன் துடிப்பு அதன் கண்ணில் படாமலே போகலாம், அல்லது ஓய்வும் துடிப்பும் கலந்த ஏதோ ஓர் எண்ணாகப் படலாம். அலைவுகாட்டி இல்லாவிட்டால், செக்கனுக்கு ஆயிரம் தடவை மாதிரி எடுக்கும் நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகொன்ட்ரோலர்) ஒன்று போதும்.

அந்த மாணவரின் கருவி முனைகளில் துடிப்பின்போது 9.8 வோல்ற்று. 3 வோல்ற்று போய்விட்டது. அவர் அங்கே மட்டும் அளந்து, 3ஐ 60ஆல் வகுத்து, 50 மில்லிஓம், பற்றரி கழிந்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ஆய்முனையைப் பற்றரியின் முனையிலேயே வைத்தேன். முனையின் உலோகத்தில் தொட்டேன், கவ்வியில் தொடவில்லை. அங்கே 11.3. ஆகப் பற்றரி தின்றது 1.5 வோல்ற்று; அகத்தடை 25 மில்லிஓம். இந்த அளவுப் பற்றரிக்கு அது இயல்பான எண்.

மற்ற 1.5 வோல்ற்று எங்கே? 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், போக ஒரு மீற்றர், வர ஒரு மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் செம்பு மீற்றருக்கு 17 மில்லிஓம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. இரண்டு மீற்றருக்கும் சேர்த்து சுமார் 14 மில்லிஓம், 60 அம்பியரில் 0.83 வோல்ற்று. மீதி 0.67 வோல்ற்று மூட்டுகளில்: முதலைக் கவ்வி இரண்டு, உருகிக் கூடு ஒன்று, நெரித்து மட்டும் பொருத்திய வயர்க்காது ஒன்று. ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்திலும் ஆய்முனையை வைத்து ஒரு துடிப்பு அடித்தால் களவு யார் வீட்டில் என்று உடனே தெரிந்துவிடும். இங்கே உருகிக் கூடுதான் பெரிய கள்ளன்.

கடற்காற்று வீசும் இடத்தில் இதற்கு வியப்பில்லை. என் பட்டறையில் மூடாமல் வைத்த செம்புக் காது சில மாதங்களில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். ஈய அமில முனையில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால் வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவி, துடைத்து, காயவிட்டு, உரசி, போல்ற் போட்டு இறுக்கி, அதன் மேல் வாஸ்லின் பூசுங்கள். வாஸ்லின் இறுக்கிய பிறகே, முன்னால் அல்ல. வயரை 10 சதுர மில்லிமீற்றராக மாற்றிப் பாதி நீளத்துக்குக் குறைத்தோம். முதலைக் கவ்விகள் குப்பைக்குப் போயின.

பற்றரி முனையிலேயே வீழ்ச்சி பெரிதாக இருந்தால் விடயம் வேறு. அப்போது எண்ணைவிட வடிவத்தைப் பாருங்கள். துடிப்பு தொடங்கியதும் கோடு செங்குத்தாக விழுகிறது: இது உலோகம், மூட்டு, மின்பகுபொருள் ஆகியவற்றின் வெறும் தடை. அதன்பின் சில மில்லிசெக்கன் முதல் சில நூறு மில்லிசெக்கன் வரை வளைந்து இறங்குகிறது: மின்வாயின் மேற்பரப்பில் தாக்கம் நடக்கும் வேகத்தைச் சொல்வது இதுதான். பிறகு செக்கன் கணக்கில் சாய்ந்துகொண்டே போகிறது: தாக்கத்துக்கு வேண்டிய பொருள் உள்ளேயிருந்து வந்து சேரத் தாமதிக்கிறது. செங்குத்து மட்டும் பெரிதென்றால் உள்ளே அரிப்பு அல்லது வறட்சி. மூடிய ஈய அமிலப் பற்றரி வெப்பத்தில் பல வருடம் கிடந்தால் நீர் வற்றி இப்படித்தான் ஆகும். சாய்வு பெரிதென்றால் பற்றரி வெறுமையை நெருங்கியிருக்கிறது, அல்லது முதிர்ந்துவிட்டது, அல்லது அதன் அளவுக்கு மீறி நாம் கேட்கிறோம்.

ஒரு சிறு உத்தி. தொடக்க வீழ்ச்சியில் ஆளியின் இரைச்சல் கலந்திருந்தால், துடிப்பு நிற்கும் கணத்தில் கோடு மேலே தாவும் உயரத்தை அளவிடுங்கள். அதே தடை, பெரும்பாலும் துப்புரவான கோடு.

முழுச் சார்ஜிலிருந்து இறக்கிய ஈய அமிலப் பற்றரி தொடக்கத்தில் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து, சில நிமிடத்தில் தானே சற்று மேலேறுவதும் உண்டு. பிரெஞ்சுக்காரர் இதற்குச் சாட்டையடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் துடிப்புகளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கொள்ளளவி பாதிவரை ஏறி நிற்கிறது, மாற்றி 'டிக் டிக்' என்கிறது

பற்றரியின் மேல் அநியாயமாகப் பழி விழும் இடம் இது. என்னிடம் வரும் புகார்களில் எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் ஒரு தாளும் பென்சிலும் போதும்.

வெறும் தடைக்கு வோல்ற்று குறைந்தால் மின்னோட்டமும் குறையும். மாற்றி அப்படியல்ல. அது கேட்பது குறித்த வலு. வோல்ற்று தாழ்ந்தால் அதே வலுவுக்காக இன்னும் அதிக அம்பியர் இழுக்கும். அதனால் வோல்ற்று இன்னும் தாழும். முந்திய பற்றரியையே எடுங்கள்: 12.8 வோல்ற்று, பழைய வயரோடு மொத்தம் 50 மில்லிஓம். மாற்றி 500 வாற்று கேட்டால் 48 அம்பியர் ஓடி, அதன் வாயிலில் 10.4 வோல்ற்று மிஞ்சும். மாற்றிக்குள் 10.5இல் தூங்கிப்போகும் காவல் இருந்தால் அது உடனே அணைந்துவிடும். அணைந்ததும் சுமை இல்லை, வோல்ற்று மீண்டும் 12.6க்கு மேல் ஏறும், மாற்றி விழிக்கும், மறுபடி 500 வாற்று கேட்கும். அந்த 'டிக் டிக்' இதுதான். இடையில் பல்மானியால் பார்ப்பவருக்கு 12 சொச்சம் தெரிகிறது, "பற்றரி நல்லாயிருக்கிறதே!" என்று தலையைச் சொறிகிறார்.

அதே மூட்டுகளைத் துப்புரவாக்கி, வயரையும் மாற்றி மொத்தத்தை 35 மில்லிஓமுக்குக் கொண்டுவந்தால் 44.5 அம்பியர், வாயிலில் 11.2 வோல்ற்று. மாற்றி தூங்காது. பற்றரி மாறவில்லை, 15 மில்லிஓம்தான் மாறியது.

இதற்கு ஒரு மேல் எல்லையும் உண்டு. எந்த மூலமும் தரக்கூடிய உச்ச வலு, வோல்ற்றின் வர்க்கத்தை நான்கு மடங்கு தடையால் வகுத்தது. 50 மில்லிஓமில் அது சுமார் 820 வாற்று. மாற்றி 900 கேட்டால் அந்தச் சமன்பாட்டுக்கு விடையே கிடையாது. வோல்ற்று நேராகச் சரியும். உச்சத்துக்குக் கிட்டப் போனாலும் வலுவில் பாதி வயரிலும் பற்றரிக்குள்ளும் வெப்பமாகிவிடும். ஆகவே உச்சத்தில் பாதிக்கும் கீழே நில்லுங்கள். கொள்ளளவி நிரம்ப 4 செக்கன் என்பதை 8 ஆக்கினால் போதுமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் போதும், அவசரப்படுவது நாம்தான்.

மாற்றி இல்லாமல் பற்றரியைத் தடையினூடாகக் கொள்ளளவியோடு நேரே இணைப்பவர்களுக்கு: தடையின் அளவு எதுவாயினும், கொள்ளளவி நிரம்பி முடியும்போது அதற்குள் சேர்ந்த சக்திக்குச் சமமான சக்தி வழியில் வெப்பமாகியிருக்கும். தடையைக் கூட்டிக் குறைத்து இதிலிருந்து தப்ப முடியாது.

துடிப்பே வரவில்லை, முனைகளில் சுழியம்

லித்தியம் தொகுதி என்றால் உள்ளே காப்புச் சுற்று கதவடைத்திருக்கிறது. எட்டு லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக் கலங்கள், 25.6 வோல்ற்று, மாற்றியின் வாயிலில் 4700 மைக்ரோபரட் வெறுமையாக இருக்கிறது. இணைத்த கணத்தில் 50 மில்லிஓமினூடாக 500 அம்பியர் பாயப்பார்க்கும். கால் மில்லிசெக்கன்தான், ஆனால் காப்புச் சுற்றுக்கு அது குறுஞ்சுற்று. தன் வேலையைச் செய்துவிட்டது, திட்டாதீர்கள்.

22 ஓம், 10 வாற்று தடையொன்றினூடாக முதலில் இணைத்து ஒரு செக்கன் பொறுத்து, பிறகு நேர் இணைப்புக்கு மாறுங்கள். சில காப்புச் சுற்றுகள் சுமையைக் கழற்றினால் திறக்கும்; சில, சார்ஜரை ஒரு கணம் தொட்டுக்காட்டினால்தான் திறக்கும். காப்புச் சுற்றைத் தாண்டி வயர் போட்டு ஓட்டினால் 'வேலை செய்கிறது' என்பது உண்மை. அதைச் செய்யச் சொல்லி நான் எழுதப்போவதில்லை.

முதல் பத்துத் துடிப்பு நன்று, பிறகு சோர்வு

செக்கனுக்கு ஒரு தடவை 100 மில்லிசெக்கன், 60 அம்பியர் என்றால் சராசரி 6 அம்பியர். 7 அம்பியர்மணி என்று அச்சிட்டிருக்கிறதே, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வருமே என்று நினைப்போம். ஈய அமிலத்தில் அந்த 7 என்பது 20 மணித்தியாலக் கணக்கு: 0.35 அம்பியராக மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. 6 அம்பியரில் ஒரு மணித்தியாலம் தாங்காது.

சோர்ந்ததும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி ஒரு துடிப்பு அடியுங்கள். பழைய உயரத்துக்கு வந்தால் தகட்டின் நுண்துளைக்குள் அமிலம் தீர்ந்து, வெளியிலிருந்து ஊறி வரத் தாமதித்திருக்கிறது. இடைவெளியை நீட்டுங்கள், அல்லது துடிப்பைக் குறுக்குங்கள், அல்லது இன்னொரு பற்றரியைச் சமாந்தரமாகச் சேருங்கள். பழைய உயரத்துக்கு வரவில்லை என்றால் சார்ஜ் தீர்ந்தது, அவ்வளவுதான்.

லித்தியம் இரும்பு பொஸ்பேற்றில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று ஓய்வு வோல்ற்றைப் பார்த்துச் சொல்ல முயலாதீர்கள். நடுப்பகுதி முழுவதும் கலத்துக்கு 3.3 வோல்ற்றை ஒட்டியே கிடக்கும். முழுச் சார்ஜிலிருந்து தொடங்கி, எடுத்த அம்பியர்மணியைக் கூட்டிக்கொண்டே வருவதுதான் நேர்மையான வழி.

சிறிய மானி 'நல்லது' என்கிறது, துடிப்பு 'கெட்டது' என்கிறது

இரண்டும் பொய் சொல்லவில்லை. கையடக்க அகத்தடைமானி 1 கிலோஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தால் அளக்கிறது. அந்த வேகத்தில் மேலே சொன்ன செங்குத்துப் பகுதி மட்டும்தான் அதற்குத் தெரியும். வளைவும் சாய்வும் அதன் கண்ணுக்கு மறைவு. ஆகவே லித்தியம் கலத்தில் அது சொல்லும் எண், பத்துச் செக்கன் துடிப்பில் கிடைக்கும் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். உங்கள் துடிப்பு 5 மில்லிசெக்கன் என்றால் அந்த மானியின் சொல்லுக்கு ஓரளவு மதிப்புண்டு. 5 செக்கன் என்றால் அதைக் கலங்களை ஒப்பிட்டுப் பொறுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கார்ப் பற்றரிகளுக்கென அமெரிக்காவில் வகுத்த துடிப்புச் சோதனை முறையொன்று இருக்கிறது: 10 செக்கன் இறக்கம், 40 செக்கன் ஓய்வு, 10 செக்கன் ஏற்றம், பிறகு கொள்ளளவில் 10 வீதம் குறைத்து, ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, மறுபடி. நல்ல முறை. ஆனால் அந்த 10 செக்கன் ஒரு காரின் தேவை. உங்கள் துடிப்பு எவ்வளவோ அந்த நீளத்திலேயே சோதியுங்கள். படிப்படியாகச் சார்ஜைக் குறைத்துச் சோதிக்கும் ஒழுங்கை மட்டும் கடன் வாங்குங்கள். அகத்தடை அடிப்பகுதியில், கடைசி 20 வீதத்தில், எவ்வளவு ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

காலையில் ஓர் எண், மாலையில் வேறோர் எண்

வெப்பநிலை. குளிரூட்டிய அறையில் 22 பாகையில் அளந்த கலமும், தகரக் கூரையின் கீழ் 33 பாகையில் அளந்த கலமும் ஒன்றாகா. சூட்டில் அகத்தடை இறங்கும். நடுப்பகல் சோதனை பற்றரியைப் புகழ்ந்து பேசும். இதே வெப்பம்தான் அதன் ஆயுளைக் கரைக்கிறது என்பது வேறு கதை: ஈய அமிலத்துக்கு 25க்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் பெருவிரல் கணக்கு. ஒவ்வோர் அளவீட்டுக்கும் பக்கத்தில் வெப்பநிலை, சார்ஜ் அளவு, ஆறவிட்ட நேரம் மூன்றையும் எழுதுங்கள். சார்ஜரிலிருந்து கழற்றிய சூட்டோடு அளக்கவேண்டாம்.

மொஸ்பெட் எரிந்துபோகிறது

பற்றரி அதிகம் தள்ளிவிட்டது என்பார்கள். இல்லை; அணைக்கும்போது வயர்தான் உதைத்தது. அகலமாக விரித்துப் போட்ட இரண்டு மீற்றர் வயருக்குச் சுமார் 2 மைக்ரோஹென்றி தூண்டல் இருக்கும். 60 அம்பியரை 1 மைக்ரோசெக்கனில் நிறுத்தினால் 120 வோல்ற்று எழும். 40 வோல்ற்று மொஸ்பெட் அதை எப்படித் தாங்கும்? போகும் வயரையும் வரும் வயரையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுங்கள், முறுக்கினால் இன்னும் நல்லது. சுமைக்குக் குறுக்கே வேகமான இருவாயி (டயோட்) ஒன்று, ஆளிக்குப் பக்கத்திலேயே ஒரு கொள்ளளவி, மொஸ்பெட்டின் படலைத் (கேற்) தடையைச் சற்றுக் கூட்டி அணைப்பைத் தாமதப்படுத்துதல்: இவை போதும்.

தொகுதியில் ஒரு கலம் மட்டும் தலைகுனிகிறது

ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனியே ஆய்முனை வையுங்கள். தொடரில் பலவீனமான ஒன்று துடிப்பின்போது சுழியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கமே போகலாம். மற்றவை அதைத் தள்ளிக்கொண்டு ஓடும். அந்தக் கலத்தை எடுத்துவிடுங்கள், சார்ஜ் ஏற்றிப் பிழைக்கவைக்கப் பார்க்காதீர்கள்.

வாங்கும்போதே தப்பவும் வழியுண்டு. புறக்கோட்டையில் 18650 கலம் ஒன்றை எடுத்து, உறையில் 9800 மில்லியம்பியர்மணி என்று கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். அந்தப் பருமனில் வழக்கமான நல்ல கலங்கள் 3500 அளவில்தான் நிற்கின்றன. தராசும் பொய் சொல்லாது: உண்மையான கலம் 45 கிராமை ஒட்டி இருக்கும். துடிப்புக்கு 3500ஐவிட 2500 உள்ள கலமே பெரும்பாலும் பொருத்தம். முதலாவது 10 அம்பியர் அளவில் மூச்சு வாங்கும், வலுவுக்கென்றே செய்த இரண்டாவது 20 அம்பியரைத் தாங்கும்.

உப்பல், இனிப்பு மணம், கை வைக்க முடியாத சூடு

இதற்குப் பிழை நீக்கம் கிடையாது. ஆளியை அணையுங்கள், பற்றரியைக் கழற்றுங்கள், வெளியே கொண்டுபோய் மணல் வாளிக்குள் வையுங்கள். மேசைக்கடியில் அந்த வாளி எப்போதும் இருக்கட்டும். மணல் காய்ந்ததா என்று மழைக்காலத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் அது தானாகக் காயாது.